முதலில் நோயின் பெயர் தெரியட்டும்

கால்நடைக்கு வரும் எல்லா நோயும் தொற்றுநோய் அல்ல. தொற்றுநோய் எல்லாமே ஒட்டுவாரொட்டியும் அல்ல. பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை, ஒட்டுண்ணி என ஏதோ ஒரு கிருமி உடலுக்குள் புகுந்து, பெருகி, கேடு செய்தால் அது தொற்று. அந்தக் கிருமி நோயுற்ற மாட்டிலிருந்து பக்கத்து மாட்டுக்கு மூச்சாலோ, எச்சிலாலோ, தண்ணீர்த் தொட்டி வழியாகவோ தாவினால் அது ஒட்டுவாரொட்டி. கோமாரி அப்படிப்பட்டது. மண்ணிலிருந்து காயத்தின் வழியே நுழையும் கிருமியால் வரும் ரண ஜன்னியும், தொடைச்சதை வீங்கி, அழுத்தினால் நறநறவென்று ஒலிக்கும் சப்பை நோயும் தொற்றுநோய்களே. ஆனால் அவை மாட்டுக்கு மாடு ஒட்டுவதில்லை.

செய்ய வேண்டியது என்ன என்பதை இந்த வேறுபாடுதான் தீர்மானிக்கிறது. ரண ஜன்னி கண்ட மாட்டைத் தனியே கட்டுவதால் மற்ற மாடுகளுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. கோமாரி கண்ட மாட்டைப் பிரிக்காமல் விட்டால் இரண்டு வாரத்துக்குள் தெருவில் உள்ள மாடுகள் எல்லாம் வாய் ஒழுகி நிற்கும். சப்பை நோய்க்கோ மழைக்காலத்துக்கு முன்பே தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். நோய் இன்னது என்று சொல்வதே மருத்துவத்தின் முதல் வேலை. ஊசி, மருந்து எல்லாம் அதற்குப் பிறகு. நம் கிராமங்களில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. ஊசி முதலில் போடப்படுகிறது. நோயின் பெயர் கடைசிவரை தெரிவதே இல்லை.

கிருமி இருப்பதால் மட்டும் நோய் வந்துவிடாது. கிருமி, அதற்கு இடம்கொடுக்கும் விலங்கு, இரண்டையும் சேர்த்துவைக்கும் சூழல் ஆகிய மூன்றும் கூட வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்து நார்த்தாமலையை எடுத்துக்கொண்டால் இது கண்கூடாக விளங்கும். திருச்சி–புதுக்கோட்டை சாலையை ஒட்டி மேலமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை என வெறும் பாறைக்குன்றுகள். சுற்றிலும் வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் அடிவாரத்தில் புதுப்புல் தளிர்க்கிறது. காய்ந்த சருகைத் தின்று வந்த ஆடு அந்த இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்தால், குடலில் ஏற்கெனவே இருந்த கிருமி திடீரெனப் பெருகி நஞ்சைக் கக்குகிறது. அதுதான் துள்ளுமாரி. கொழுத்த, நன்றாக மேய்கிற குட்டியே முதலில் துள்ளி விழுந்து சாகும். அதே மழையில் தேங்கும் சேற்றில் கடிக்கும் சிற்றீக்கள் பெருகுகின்றன. அவை செம்மறிகளுக்கு நீலநாக்கு நோயைக் கொண்டுவருகின்றன. தமிழ்நாட்டில் நீலநாக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் மிகுவதற்கு இதுவே காரணம். இரண்டும் ஒரே பருவத்தில் வருகின்றன. ஆனால் ஒன்றில் மேய்ச்சலைக் கட்டுப்படுத்த வேண்டும், மற்றதில் ஈயைக் கட்டுப்படுத்த வேண்டும்.

சூழல் என்பதில் மனிதர் போகிற வழிகளும் அடங்கும். அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் ஆட்டுக்கிடைகளை டெல்டாவை நோக்கி ஓட்டிச் செல்லும் பாதையில் புதுக்கோட்டை மாவட்டம் இருக்கிறது. புதுக்கோட்டை சந்தைப்பேட்டையிலும் மணப்பாறை மாட்டுச் சந்தையிலும் பல ஊர்க் கால்நடைகள் ஒரே நாளில் மூச்சு முட்டக் கூடிப் பிரிகின்றன. நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோயில் பங்குனித் திருவிழாவை ஒட்டி ஜல்லிக்கட்டு நடக்கிறது. ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு வழக்கமாக இதே மாவட்டத்துத் தச்சங்குறிச்சியில்தான் தொடங்கும். 2019 ஜனவரியில் விராலிமலையில் ஒரே நாளில் 1,300க்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்த்துவிடப்பட்டன. கோமாரி வைரஸுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது.

வாடிவாசலுக்கு முன்பு ஒவ்வொரு காளையையும் கால்நடை மருத்துவர் பார்க்கிறார் என்பது உண்மை. ஆனால் அந்தப் பார்வைக்கு ஓர் எல்லை உண்டு. கிருமி நுழைந்த நாளுக்கும் அறிகுறி தெரியும் நாளுக்கும் இடையே உள்ள மறைகாலம் நோய்க்கு நோய் வேறுபடும். கோமாரிக்கு 2 முதல் 14 நாள். ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஏறத்தாழ ஒரு வாரம். மாட்டின் தோலெங்கும் கட்டி கட்டியாக எழும் தோல் கழலை நோய்க்கு 28 நாள் வரை என்று உலக விலங்கு நல அமைப்பு கணக்கு வைத்திருக்கிறது. வெறிநோய்க்கு மாதக்கணக்கிலும் ஆகலாம். கோமாரியில் வாயில் கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே மூச்சிலும் எச்சிலிலும் வைரஸ் வெளியேறத் தொடங்கிவிடுகிறது. இன்று நலமாகத் திமிறி நிற்கும் காளை, நாளை மறுநாள் நொண்டும் காளையாக இருக்கலாம். நோய் தீர்ந்த பிறகும் சில மாடுகளின் தொண்டையில் வைரஸ் மாதக்கணக்கில் தங்குகிறது. இவற்றை நோய்க்கடத்திகள் என்பர். அறிகுறியே காட்டாமல் கிருமியைச் சுமக்கும் விலங்குகளும் உண்டு. ஆகவே களத்தில் பார்த்துச் சொல்வதைவிட, காளைக்குக் கோமாரித் தடுப்பூசி போட்டு மூன்று வாரமாவது ஆகியிருக்கிறதா என்ற பதிவைக் கேட்பது நோயைத் தடுப்பதில் பலமடங்கு பயன் தரும்.

விலங்கின் வயதையும் பார்க்க வேண்டும். கன்று பிறக்கும்போது அதன் ரத்தத்தில் எதிர்ப்புரதம் கிட்டத்தட்ட இல்லை. மனிதக் குழந்தைக்குக் கருப்பையிலேயே தாயிடமிருந்து கிடைக்கும் பாதுகாப்பு, ஆடு மாடுகளின் குட்டிக்குச் சீம்பால் வழியாகத்தான் வருகிறது. அதுவும் பிறந்த முதல் சில மணி நேரத்தில் குடித்தால்தான் குடல் அதை முழுதாக உறிஞ்சும். சீம்பாலைக் கறந்து விற்றுவிட்டுக் கன்றுக்கு மருந்து தேடுவது வீண் செலவு. இதே சீம்பால் புரதம் மூன்று, நான்கு மாதம் வரை குட்டியின் ரத்தத்தில் இருப்பதால் அதற்கு முன் போடும் ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி சரியாகப் பிடிப்பதில்லை. அந்த வயதில் ரத்தம் எடுத்து எதிர்ப்புரதச் சோதனை செய்தாலும், நோயே வராத குட்டி நோய் வந்ததுபோல் காட்டும்.

நோயறிதல் ஊசிக்குழலில் தொடங்குவதில்லை, கேள்விகளில் தொடங்குகிறது. எத்தனை ஆடுகள் இருக்கின்றன, எத்தனை படுத்தன, எத்தனை செத்தன, முதலில் படுத்தது எப்போது, புதிதாக வாங்கிவந்த ஆடு உண்டா, குட்டிகளுக்கா பெரியவற்றுக்கா, எங்கே மேய்ந்தன, எந்தத் தடுப்பூசி எப்போது போட்டது? பேச முடியாத உயிருக்காக அதை வளர்ப்பவர் சொல்லும் விவரமே பாதி நோயறிதல். நூறு ஆட்டில் எண்பது நோயுற்று ஐந்து செத்தால் அது ஒரு நோய். ஐந்து நோயுற்று ஐந்தும் செத்தால் அது வேறொரு நோய். அதன் பிறகே வெப்பமானி. ஆட்டின் இயல்பான வெப்பம் 102–103 டிகிரி ஃபாரன்ஹீட், மாட்டுக்கு 101.5 அளவில். மனிதக் கணக்கில் பார்த்துக் காய்ச்சல் என்று எண்ணிவிடக் கூடாது. இவ்வளவும் சேர்ந்த பின் மருத்துவர் மனத்தில் ஒரு பெயர் அல்ல, நான்கைந்து பெயர்கள் நிற்கும். மூக்கொழுகி, வாய் புண்ணாகி, இருமும் ஆட்டுக்கு ஆட்டுக்கொல்லி, நீலநாக்கு, கோமாரி, நுரையீரல் அழற்சி எல்லாம் பொருந்தும். இவற்றை ஒவ்வொன்றாக விலக்குவதே நோயறிதல்.

திடீர்ச் சாவில்தான் இந்த விலக்கல் உயிர்காக்கும் வேலையாகிறது. நன்றாக இருந்த மாடு காலையில் செத்துக் கிடந்தால் ஊரார் முதலில் நினைப்பது பாம்புக்கடி. அடைப்பானாகவும் இருக்கலாம். மூக்கு, ஆசனவாய் வழியே உறையாத கரும் ரத்தம், விரைவில் உப்பும் வயிறு, முழுதாக விறைக்காத உடல் ஆகியவை அதன் அடையாளங்கள். அப்படி ஐயம் எழுந்தால் உடலை அறுக்கவே கூடாது. உடலுக்குள் இருக்கும் அடைப்பான் கிருமி காற்றுப் பட்டதும் விதையுறை போன்ற வித்துகளாக மாறி, அந்த மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். 1876இல் ராபர்ட் கோக் இந்தக் கிருமியின் முழு வாழ்வையும் விளக்கிக் காட்டியதில்தான் ஒரு நோய்க்கு ஒரு கிருமி என்ற கருத்தே நிலைபெற்றது. சோதனைக்குக் காதுச் சிரையிலிருந்து ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி எடுத்தால் போதும். பிறகு ஆறடி ஆழக் குழியில் சுண்ணாம்பு இட்டுப் புதைக்க வேண்டும். செத்த ஆட்டை வீணாக்க மனமின்றி உரித்துக் கறியாக்குவது வறுமையால் வந்த பழக்கம். அதைக் குறைசொல்வது எளிது. ஆனால் உரித்தவர் கையில் கரும்புண்ணாகத் தோன்றும் அடைப்பான் அந்த வீட்டுக்கு ஆட்டின் விலையைவிடப் பெரிய இழப்பு.

தவறான பெயர் எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு வரலாறு உண்டு. 1987இல் இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில் செம்மறியாடுகளிடையே ஒரு நோய் கண்டது. காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் ஒழுக்கு, வாய்ப்புண், கழிச்சல் ஆகியவற்றை ஆடுகளில் கண்டால் தென்னிந்தியாவில் அதை வெக்கை நோய் என்று எழுதுவதே அன்று வழக்கம். மாட்டினத்தையே நூற்றாண்டுகளாக அழித்து வந்த அந்த வெக்கை, இங்கு ஆடுகளையும் தாக்குவதாகக் கருதப்பட்டது. இந்திய அறிவியல் கழகத்தின் எம்.எஸ். ஷைலாவும் உடன் உழைத்த கால்நடை மருத்துவ அறிஞர்களும், அரசூரில் கண்டது வெக்கை அல்ல, அதற்கு நெருங்கிய உறவான வேறொரு வைரஸ் என்று காட்டினர். 1989இல் 'வெட்டரினரி ரெக்கார்டு' இதழில் அந்த முடிவு வெளியானது. 1942இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட ஆட்டுக்கொல்லி நோய், இந்தியாவில் இருப்பது அன்றுதான் உறுதியானது. 1990களின் நடுவில் வட மாநிலங்களிலும் அது கண்டறியப்பட்டது. அதற்கு முன்பு எத்தனை ஆட்டுச் சாவுகள் வெக்கையின் கணக்கில் எழுதப்பட்டன என்பதை இனி யாரும் பிரித்தறிய முடியாது.

பெயரைத் திருத்தியதில் என்ன கிடைத்தது? இரண்டு வைரஸ்களும் நெருங்கியவை என்பதால் வெக்கைத் தடுப்பூசி ஆடுகளை ஆட்டுக்கொல்லியிலிருந்தும் காத்தது. ஆனால் அதைப் போட்ட ஆட்டின் ரத்தம் சோதனையில் வெக்கை கண்டதுபோல் காட்டும். நாட்டில் வெக்கை ஒழிந்ததா என்று ரத்தத்தைக் கொண்டு நிறுவ வேண்டிய காலத்தில் அது பெருந்தடை. எனவே ஆட்டுக்கொல்லிக்கென்றே தடுப்பூசி வேண்டியிருந்தது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய தடுப்பூசி 'அரசூர் 87' என்ற வைரஸ் வகையிலிருந்து வந்தது. ஒரு கிராமத்து ஆடுகளின் மாதிரி ஒழுங்காகச் சோதனைக்கூடம் சேர்ந்ததால் விளைந்த நன்மை அது.

மாதிரி எடுப்பதில் கவனிக்க வேண்டியவை சில. காய்ச்சல் கண்ட முதல் வாரத்தில் வைரஸ் உடலில் நிறைந்திருக்கும். அப்போது கண், மூக்கு, வாயில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்தால் பி.சி.ஆர். சோதனையில் வைரஸே சிக்கும். பத்து நாள் கடந்தால் வைரஸ் குறைந்து எதிர்ப்புரதம் ஏறியிருக்கும். அப்போது எடுக்க வேண்டியது ரத்தநீர், செய்ய வேண்டியது எலைசா. எதிர்ப்புரதம் இருப்பது நோய் இப்போது இருப்பதாகாது. என்றோ வந்துபோயிருக்கலாம், தடுப்பூசியால் வந்ததாகவும் இருக்கலாம். இரண்டு, மூன்று வார இடைவெளியில் இருமுறை ரத்தம் எடுத்து, இரண்டாவதில் அளவு நான்கு மடங்கு ஏறியிருந்தால் நோய் அண்மையில் வந்தது என்று சொல்லலாம். நுண்ணோக்கியில் பார்க்க வேண்டிய திசுவை ஃபார்மலினில் இட வேண்டும். வைரஸை வளர்க்க வேண்டிய மாதிரியை ஃபார்மலினில் இட்டால் அது செத்துவிடும். பாக்டீரியா என்ற ஐயம் இருந்தால் ஆன்டிபயாட்டிக் போடுவதற்கு முன்பே மாதிரி எடுத்திருக்க வேண்டும். புதுக்கோட்டைச் சித்திரை வெயிலில் செத்த ஆடு சில மணி நேரத்தில் அழுகிவிடும். மறுநாள் செய்யும் பிரேதப் பரிசோதனையில் துள்ளுமாரியை உறுதிசெய்வது மிகக் கடினம். ஐஸ் பெட்டி, தெளிவான பெயர்ச்சீட்டு, விரைவு என்ற மூன்றும் விலையுயர்ந்த கருவிகளைவிட முக்கியம்.

சோதனை முடிவையும் அப்படியே நம்பிவிட முடியாது. எந்தச் சோதனைக்கும் இரண்டு திறன்கள் உண்டு: நோயுள்ளதை விடாமல் பிடிப்பது, நோயில்லாததை ஒதுக்கிவிடுவது. இரண்டிலும் நூற்றுக்கு 95 மதிப்பெண் பெறும் ஒரு சோதனையை 1,000 மாடுகளுக்குச் செய்வதாகக் கொள்வோம். அவற்றில் 20 மாடுகளுக்கே நோய் இருந்தால், சோதனை 19ஐப் பிடிக்கும். நோயில்லாத 980இல் 49 மாடுகளையும் நோயுள்ளவை என்று தவறாகச் சொல்லும். ஆக 68 மாடுகளில் 19தான் உண்மை. அதே சோதனையை, 500 மாடுகளுக்கு நோய் பரவிய 1,000 மாடுகளிடம் செய்தால், 475 உண்மை, 25 தவறு. சோதனை மாறவில்லை, ஊரில் நோய் இருக்கும் அளவுதான் மாறியது. அதனால்தான் மலிவான சோதனையால் சலித்தெடுத்து, சிக்கியவற்றை வேறொரு நுட்பமான சோதனையால் உறுதிசெய்வது முறை. ஒரே ஒரு சோதனைத்தாளை நம்பிக் கறவை மாட்டை விற்றுவிடும் முடிவை எந்தக் குடும்பத்தின் மீதும் சுமத்தக் கூடாது.

இந்த இருபடிச் சோதனை மிகவும் தேவைப்படும் நோய் புருசெல்லோசிஸ். சினை மாடு ஏழு, எட்டு மாதத்தில் கன்று வீசுவது அதன் முதல் அடையாளம். ரோஸ் பெங்கால் தகட்டுச் சோதனையில் சில நிமிடத்தில் ஐயம் தெரியும், எலைசாவால் உறுதிசெய்யலாம். 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு மட்டும் இந்த நோய்க்கான தடுப்பூசி போடப்படுகிறது. வளர்ந்த மாட்டுக்குப் போட்டால் சோதனையில் நோய் என்றே காட்டிக்கொண்டிருக்கும் என்பதும் இதற்கு ஒரு காரணம். கன்று ஈன்றதும் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டும் வழக்கம் தமிழகக் கிராமங்களில் உண்டு. இயல்பான ஈற்றில் அதனால் கேடில்லை. வீசிய கன்றின் நஞ்சுக்கொடியில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். அதை வெறுங்கையால் தொடவோ, எடுத்துச்சென்று கட்டவோ கூடாது. கையுறை அணிந்து, மருத்துவர் மாதிரி எடுத்த பின் சுண்ணாம்பிட்டுப் புதைக்க வேண்டும். ஏனெனில் இது மனிதருக்கும் வரும். வாரக்கணக்கில் விட்டு விட்டு வரும் காய்ச்சல், மூட்டு வலி என்று மருத்துவமனைக்கு மருத்துவமனை அலையும் பால்காரரிடம், அண்மையில் மாடு கன்று வீசியதா என்று மருத்துவர் கேட்டால் பல மாத அலைச்சல் மிச்சமாகும். காய்ச்சாத பாலைக் குடிப்போருக்கும் இதே ஆபத்து உண்டு.

பெயர் தெரியாமல் போடும் ஊசியால் வரும் கேடும் மனிதர் வரை நீள்கிறது. கோமாரி, ஆட்டுக்கொல்லி, தோல் கழலை எல்லாம் வைரஸ் நோய்கள். ஆன்டிபயாட்டிக் அவற்றைத் தொடாது. புண்ணில் பாக்டீரியா சேர்ந்தால் மருத்துவர் தேர்ந்து கொடுப்பது வேறு. கடையில் வாங்கி அளவின்றிப் போடும் மருந்து பாலிலும் கறியிலும் மிஞ்சுகிறது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவை வளர்க்கிறது. மனிதர்க்குக் கடைசி நம்பிக்கையாக உள்ள கொலிஸ்டினைக் கால்நடை, கோழி வளர்ப்பில் பயன்படுத்துவதற்கு இந்திய அரசு 2019இல் தடை விதித்தது இதனால்தான்.

கட்டமைப்பு இல்லை என்று தமிழ்நாடு சொல்லிக்கொள்ள முடியாது. 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, 1932இலிருந்து தடுப்பு மருந்து செய்யும் ராணிப்பேட்டை நிலையம், 1989இல் அமைந்த இந்தியாவின் முதல் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் எல்லாம் இங்கு உள்ளன. புதுக்கோட்டைக்குப் பக்கத்து மாவட்டத்தில் ஒரத்தநாட்டுக் கல்லூரி 2012 முதல் இயங்குகிறது. மாவட்ட அளவில் நோய்ப் புலனாய்வுப் பிரிவுகள் இருக்கின்றன. 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் மருத்துவ ஊர்தி வருகிறது. 2019 கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் சுமார் 95 லட்சம் மாடுகள், 98 லட்சத்துக்கும் மேல் வெள்ளாடுகள், 45 லட்சம் செம்மறிகள். இவற்றில் பெரும்பகுதி நார்த்தாமலை போன்ற சிற்றூர்களின் கொட்டில்களில், இரண்டும் நான்குமாக இருக்கின்றன. விடுபட்டிருப்பது கொட்டிலுக்கும் சோதனைக்கூடத்துக்கும் இடையிலான வழி.

அந்த வழியை அமைக்கப் பெருஞ்செலவு ஆகாது. நடமாடும் ஊர்தி ஒவ்வொன்றிலும் மாதிரி எடுக்கும் பெட்டியும் ஐஸும் இருக்க வேண்டும். எடுத்த மாதிரி அன்றே புலனாய்வுப் பிரிவுக்குப் போக வேண்டும். முடிவு ஆட்டுக்காரரின் கைப்பேசிக்குத் தமிழில் வர வேண்டும். முடிவு திரும்பி வராத இடத்தில் அடுத்த முறை யாரும் மாதிரி கொடுக்க மாட்டார்கள். 2009ஆம் ஆண்டின் விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், அட்டவணை நோய் என்று ஐயம் எழுந்தாலே உரிமையாளர் கிராம அலுவலரிடமோ ஊராட்சியிடமோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆனால் தெரிவித்தால் சந்தை மூடப்படும், பால் வாங்க மறுப்பார்கள், ஜல்லிக்கட்டு நிற்கும் என்ற அச்சம் ஊரில் உண்மையாகவே இருக்கிறது. தெரிவிப்பவருக்கு இழப்பு நேராமல் பார்த்துக்கொள்வதும் நோய்த்தடுப்பின் பகுதிதான். செத்த ஆட்டுக்கு உடனடி இழப்பீடு என்பதை, மாதிரி எடுக்க அனுமதிப்பதோடு இணைத்தால் மறைக்கப்படும் சாவுகள் வெளியே வரும்.

வெக்கை ஒழிந்த விதம் இதற்கு முன்மாதிரி. அந்த வைரஸ் ஒரே வகையானது. பிழைத்த மாட்டில் தங்காது. ஒருமுறை பெற்ற எதிர்ப்பு நெடுங்காலம் நிற்கும். கோமாரிக்கு உலகில் ஏழு வகை, இந்தியாவில் சுற்றுவன மூன்று, நோய்க்கடத்திகளும் உண்டு. அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடுப்பூசி தேவைப்படுகிறது. ஆட்டுக்கொல்லி இயல்பில் வெக்கையை ஒத்தது. ஆகவே 2030க்குள் அதை உலகிலிருந்து ஒழிக்க இலக்கு வைக்கப்பட்டுள்ளது. இந்தியாவில் கடைசியாக வெக்கை கண்டது 1995இல், தமிழ்நாட்டின் வடஆர்க்காட்டில். நாடு அந்தத் தொற்றிலிருந்து விடுபட்டதாக ஏற்கப்பட்டது 2006இல். உலகம் விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது 2011இல். கடைசி மாட்டுக்கும் அந்த 2006ஆம் ஆண்டுச் சான்றிதழுக்கும் இடைப்பட்ட 11 ஆண்டுகளும் ஊர் ஊராக ரத்தம் எடுத்து, நோய் இல்லை, இல்லை என்று எழுதியதிலேயே கழிந்தன. ஆட்டுக்கொல்லிக்கும் அந்த ஆண்டுகள் வரும். அப்போது குன்றடிவாரத்தில் மூக்கொழுகிச் சாகும் ஒவ்வொரு ஆட்டிடமிருந்தும் ஒரு மாதிரி வேண்டியிருக்கும்.